குறை என்று நான் எழுதிய சொல்

1

இந்த மாதத்தோடு நான் சிங்கப்பூருக்கு வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. வீட்டில் யாருக்கும் நினைவில்லை. என் கணவர் கப்பல் பட்டறைக்குக் காலை ஷிஃப்டுக்குப் போய்விட்டார். மகள் யாழினி காதில் எதையோ மாட்டிக்கொண்டு "பை மா" என்றாள், அவ்வளவுதான். மார்சிலிங் ஸ்டேஷனில் ரயிலுக்கு நின்றபடி, வந்த நாளில் எனக்கிருந்த பெருமைகளை எண்ணிப் பார்த்தேன். அதில் பெரியது தமிழ். படித்தது எம்.எஸ்சி. விலங்கியல் என்றாலும் தமிழைத் தப்பில்லாமல் எழுதுவேன் என்று எனக்கு ஒரு திமிர் உண்டு. இந்த ஊர் அறிவிப்புப் பலகையில் ஒரு ஒற்று விட்டுப்போனாலும் படம் எடுத்து, ஊரில் இருக்கும் உங்களுக்கெல்லாம் அனுப்பிச் சிரித்தவள் நான்தான்.

அதே தமிழால் இப்போது ஒரு பெண்ணின் வாழ்க்கையில் மண்ணை அள்ளிப் போட்டிருக்கிறேன். அவள் பெயரைத் தேன்மொழி என்று வைத்துக்கொள்வோம். அவளை ஊருக்கு வரவழைத்துவிட்டு அவள் புருஷனுக்கு வேறு பெண் பார்க்கலாமா என்று துறையூரில் ஒரு குடும்பம் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறது. அவர்கள் கையில் இருக்கும் காகிதம் நான் எழுதிக் கொடுத்தது. அதில் எழுத்துப்பிழை ஒன்றுகூடக் கிடையாது.

2

நான் வேலை பார்ப்பது ஒரு குழந்தைப்பேறு சிகிச்சை நிலையத்தின் ஆய்வுக்கூடத்தில். எந்த நிலையம் என்பது உங்களுக்கு வேண்டாம். மலர்விழி என்ற பெயர் அங்கே யார் வாயிலும் நுழையாமல் மாலா ஆகிவிட்டது. மாலா என்றால் இந்த ஊரில் நாக்கைப் பொசுக்கும் ஒரு சீனச் சாப்பாடு. என் குணம் தெரிந்தவர்கள் பொருத்தம்தான் என்கிறார்கள்.

டாக்டர் எடுத்துத் தரும் கருமுட்டைகளைச் சுத்தம் செய்து பார்ப்பது என் வேலை. கருமுட்டை தனியாக வராது. ஆயிரக்கணக்கான சின்னச் செல்களைப் போர்த்திக்கொண்டுதான் வரும். நுண்ணோக்கியில் பார்த்தால் பஞ்சுக்குள் பருத்தி விதை இருப்பது மாதிரி இருக்கும். மயிரிழை போன்ற குழாயில் உறிஞ்சி, உறிஞ்சி அந்தச் செல்களை உரித்தெடுத்தால்தான் முட்டை முதிர்ந்ததா இல்லையா என்பது தெரியும். உரித்த செல்களைக் கொட்டிவிடுவோம்.

கல்லூரியில் எங்களுக்கு என்ன சொல்லிக்கொடுத்தார்கள்? முட்டை தேமே என்று உட்கார்ந்திருக்கும், சுற்றியிருக்கும் செல்கள் ஊட்டி வளர்க்கும் என்றார்கள். நானும் அப்படியே எழுதி மார்க் வாங்கினேன். அது பாதிதான் உண்மை. இங்கே வந்த பிறகுதான் தெரிந்தது, அந்த முட்டை மகா அதிகாரக்காரி. வளரும் காலம் முழுக்கச் சில புரதங்களைச் சுரந்து, சுற்றியிருப்பவர்களுக்கு உத்தரவு போட்டுக்கொண்டே இருப்பாள். பெருகு என்றால் அவை பெருக வேண்டும். வேறு மாதிரி மாறிவிடாதே, என் பக்கத்திலேயே இரு என்றால் இருக்க வேண்டும். சர்க்கரையை உடைத்துச் சத்து எடுக்க அவளுக்குச் சரியாக வராது. பக்கத்துச் செல்களை உடைக்கச் சொல்லி, உடைத்ததை வாங்கிக்கொள்வாள். அந்தச் செல்களும் முட்டையின் மேலுறையைத் துளைத்து மெல்லிய விரல்களை நீட்டி, அவளைத் தொட்டபடியே கிடக்கும். முட்டையை மட்டும் நடுவிலிருந்து எடுத்துவிட்டால் அவை தம் வேலையை மறந்து வேறு வகைச் செல்களாக மாறிப்போகும்.

இதை முதலில் படித்த அன்று, யாழினி பிறந்ததிலிருந்து வீட்டில் என் நிலைமை இதுதானே என்று சிரித்துக்கொண்டேன். அவள் பள்ளிக்கூடத்துக்காக பிடோக் வீட்டை விட்டு மார்சிலிங்குக்கு மாறினோம். அவள் பரீட்சைக்காக என் வேலை நேரத்தை மாற்றிக்கொண்டேன். அவள் வாயில் தமிழ் நுழையவில்லை என்று நானும் வீட்டில் ஆங்கிலம் பேச ஆரம்பித்தேன். குழந்தையை நாம்தான் வளர்க்கிறோம் என்று எந்தப் புண்ணியவான் சொன்னானோ!

ஆனால் உத்தரவு ஒரு பக்கமாக மட்டும் போவதில்லை. அந்தச் செல்களும் முட்டைக்குச் சேதி அனுப்பும். நேரம் வரும்வரை முதிராதே என்று அவளைப் பிடித்து வைப்பதும் அவைதான். ஒரு முட்டை முதிராமல் நின்றுவிட்டால், அவள் சொல்லத் தவறினாளா, இவை கேட்கத் தவறினவா, மேலிருந்து வர வேண்டிய ஹார்மோன் சரியாக வந்து சேரவில்லையா என்று எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒருவராலும் கைகாட்டிச் சொல்ல முடியாது. இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டேதான் எழுதினேன்.

3

தேன்மொழி எனக்கு அறிமுகமானது ஒரு துண்டறிக்கையால். நிலையத்தில் நான்கு மொழிகளில் துண்டறிக்கை வைத்திருப்பார்கள். முட்டை வளரும் பைக்கு ஆங்கிலத்தில் ஃபாலிக்கிள் என்று பெயர். முடி முளைக்கும் குழிக்கும் அதே சொல்தான். தமிழில் போட்டது மனிதரோ இயந்திரமோ, இரண்டாவது அர்த்தத்தைப் பிடித்துக்கொண்டது. 'உங்கள் சினைப்பையில் எத்தனை மயிர்க்கால்கள் வளர்ந்துள்ளன என்பதை மருத்துவர் எண்ணுவார்' என்று வழவழத் தாளில் பூப்படத்தோடு அச்சடித்து வைத்துவிட்டார்கள்.

ஒருநாள் நான் நடைபாதையில் போகும்போது ஒரு பெண் அதைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கித் தயங்கி வந்தாள்.

"அக்கா, நீங்க தமிழுங்களா? எனக்கு உள்ளயும் முடி மொளைக்குதுன்னு போட்டிருக்காங்க. இதுக்கு மருந்து இருக்குதுங்களா?"

நான் சிரித்த சிரிப்பில் அவளும் சிரித்துவிட்டாள். நாமக்கல்காரி, அப்பாவுக்குக் கோழிப்பண்ணை. இருபத்தொன்பது வயது. புருஷன் செந்தில் இங்கே இன்ஜினியர், குடும்ப விசாவில் கூட்டி வந்திருந்தான். பிடோக்கில் வாடகைக்கு இருந்தார்கள். டாக்டர் வேகமாக ஆங்கிலம் பேசினால் அவளுக்குப் பாதிதான் புரியும். அதனால் என் வேலை இல்லையென்றாலும் நான் போய் உட்கார்ந்து தமிழில் சொல்வேன்.

துண்டறிக்கையை எடுத்துக்கொண்டு மேனேஜர் மிஸ் டானிடம் போனேன். அவள் ஆங்கிலத்தில் சொன்னதை, இந்த ஊர்க்காரர்கள் பேச்சுக்குப் பேச்சு ஒட்டும் 'லா'வை மட்டும் விட்டுவைத்து, நம் மொழியில் தருகிறேன்: "இதுவரைக்கும் யாரும் கம்ப்ளெய்ன் பண்ணல லா, மாலா." அந்தத் துண்டறிக்கை இன்றைக்கும் முன்கூடத்தில் இருக்கிறது.

தேன்மொழிக்கு அது இரண்டாவது முயற்சி. ஒன்பது முட்டை எடுத்தார்கள். நான்தான் உரித்தேன். ஏழு முதிரவில்லை. மீதி இரண்டும் கருவாகவில்லை. டாக்டர் ஆங்கிலத்தில் ஒரு பக்கச் சுருக்கம் எழுதிக் கொடுத்தார். மறுநாளே அதை எடுத்துக்கொண்டு அவள் என்னிடம் வந்தாள்.

"தமிழ்ல எழுதித் தர முடியுங்களாக்கா? அத்தை கேக்குறாங்க."

"உன் மாமியார் எதுக்கும்மா இதைப் படிக்கணும்?"

"ஊர்ல நாலு பேரு கேக்குறாங்களாம். யாரு மேல குறைன்னு எழுத்துல வேணுமாம்."

மாட்டேன் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. உங்களிடம் மறைப்பானேன், மயிர்க்கால் போட்ட மகானுபாவர்களுக்கு மருத்துவத் தமிழ் என்றால் எப்படி இருக்கும் என்று காட்டிவிட வேண்டும் என்ற வீம்பு எனக்கு. மதியச் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து டைப் செய்து, நானே இரண்டு முறை வாசித்து ரசித்தேன். முன்கூடத்துப் பெண் பழக்கதோஷத்தில் ஆங்கிலம், தமிழ் இரண்டு தாளிலும் ரப்பர் ஸ்டாம்பைக் குத்திக் கொடுத்துவிட்டாள்.

4

இரண்டு வாரம் கழித்து அவளே கூப்பிட்டாள். ஞாயிற்றுக்கிழமை தேக்கா சந்தையின் சாப்பாட்டுக் கடைகளுக்கு நடுவில் சந்தித்தோம். அன்றைக்கு அங்கே இடம் கிடைப்பதே பெரிய பாடு. தட்டோடு நிற்பவர்களை முறைத்து முறைத்து அவள் எனக்கு ஒரு நாற்காலி பிடித்து வைத்திருந்தாள். அவள் வாங்கியிருந்த டீ ஆறி, மேலே ஆடை படிந்திருந்தது.

"லெட்டர் நல்லாப் புரிஞ்சுதுன்னு அத்தை சொன்னாங்கக்கா" என்றாள்.

எனக்கு முதலில் சந்தோஷமாகக்கூட இருந்தது. என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மாமியாரின் தம்பிதான் வீட்டில் எல்லோரையும் உட்கார வைத்துச் சத்தமாகப் படித்திருக்கிறார். 'கருமுட்டையில் குறை உள்ளது' என்ற வரி வந்ததும் போதும் என்று நிறுத்தச் சொல்லிவிட்டார்களாம். முட்டைக்குப் பேர்போன ஊரில் பெண் எடுத்தும் முட்டையில் குறையாமே என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்களாம். இத்தனையும் ஃபோன் வழியாக இங்கே பிடோக்கில் கேட்டிருக்கிறது.

"உன் வீட்டுக்காரர் என்ன சொன்னார்?"

"அவரு ஸ்பீக்கர்ல போட்டுட்டுக் குனிஞ்சு உக்காந்திருந்தாருங்க. அப்புறம் டிவியப் போட்டாரு."

"இப்ப என்ன பண்ணப் போறாங்க?"

"ஊருக்கு வந்து கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுக்கட்டும்னு சொல்றாங்க. அடுத்த வெள்ளிக்கு டிக்கெட் போட்டாச்சு. ரிட்டர்ன் போடல. அவருக்குன்னு ஒரு பொண்ணு வீட்டுல விசாரிக்கிறாங்களாம், எங்க நாத்தனா வாய் தவறிச் சொல்லிருச்சு."

சொல்லிவிட்டு அவள் அழவில்லை. கைப்பையிலிருந்து என் தமிழ்க் கடிதத்தை எடுத்து மேசையில் விரித்து, எண்ணெய் படாமல் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்த ஒரு வார்த்தைய மட்டும் மாத்தி, சீல் போட்டுத் தர முடியுங்களாக்கா?"

ஏதாவது ஆறுதல் சொல்லியாக வேண்டுமே என்று, தெரிந்த விஞ்ஞானத்தை எல்லாம் கொட்டினேன். "இதப் பாரு, உன் உடம்பு சரியா ஊட்டலன்னு நினைச்சுக் குமையாதே. முட்டை சும்மா வாங்கித் தின்னுட்டு இருக்கிற ஜீவன் கிடையாது. சுத்தியிருக்கிற செல்லு என்ன செய்யணும்னு அதுதான் சொல்லும். நீ சாப்பிட்டது, நின்னது, நடந்தது எதுக்கும் இதுல பழி கிடையாது" என்றேன்.

அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

"அந்த முட்டையும் நான்தானேக்கா?" என்றாள்.

5

திங்கட்கிழமை முதல் வேலையாக மிஸ் டான் அறைக்குப் போனேன். தமிழ்க் கடிதத்தில் ஒரு சொல் தவறு, திருத்திய கடிதம் ஒன்று நிலையத்தின் பெயரில் வேண்டும் என்றேன். அவள் கோப்பைத் திறந்து திரையை மேலும் கீழும் இழுத்துப் பார்த்தாள்.

தமிழ்க் கடிதம் என்று எதுவும் கோப்பில் இல்லை என்றாள். நிலையம் கொடுத்தது ஆங்கிலக் கடிதம் ஒன்றுதான். இல்லாத கடிதத்தை எப்படித் திருத்துவது? ஸ்டாம்ப் இருக்கிறதே என்றேன். அந்த ஸ்டாம்ப் ஆங்கிலத் தாளுக்கானது, இன்னொரு தாள் அதோடு இருந்தது நம் பொறுப்பில்லை என்றாள். டாக்டர் கையெழுத்து வாங்கலாமா என்றேன். தனக்குப் படிக்கத் தெரியாததில் டாக்டர் எப்படிக் கையெழுத்துப் போடுவார் என்று திருப்பிக் கேட்டாள். அதுவும் நியாயம்தான், என்ன செய்வது? வேண்டுமானால் அங்கீகரிக்கப்பட்ட மொழிபெயர்ப்பாளரிடம் கொடு, பதினைந்து வேலை நாளில் வரும், யார் தெரியுமா, நம்முடைய துண்டறிக்கை செய்தார்களே அவர்கள்தான் என்றாள்.

கதவு வரை போன என்னைக் கூப்பிட்டு, "இனிமே உன் வேலை இல்லாதத செய்யாத லா, மாலா" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. இங்கே இல்லவே இல்லாத அந்தக் கடிதத்தின் நகல், துறையூரில் சாமி படத்துக்குப் பக்கத்தில் பத்திரமாக இருக்கிறது.

6

சாயங்காலம் வீட்டில், தேன்மொழியிடம் வாங்கி வந்திருந்த இரண்டு தாளையும் சாப்பாட்டு மேசையில் பரப்பி வைத்திருந்தேன். யாழினிக்கு இருபது வயது, பாலிடெக்னிக் முடித்துவிட்டாள். தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். பள்ளியில் வாய்மொழித் தேர்வுக்குத் தமிழை மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்து வந்த அன்றே மறந்தவள். என் முகத்தைப் பார்த்து என்ன என்று கேட்டாள். சொன்னேன். காதில் இருந்ததைக் கழற்றி வைத்தாள். அந்த மரியாதையே எனக்குப் புதிது.

ஆங்கிலத் தாளையும் தமிழ்த் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விரலை ஓட்டி ஓட்டி ரொம்ப நேரம் படித்தாள்.

"மா, இங்கிலீஷ்ல ஹஸ்பண்டுக்கும் 'பிலோ'ன்னுதான் இருக்கு. அந்த அக்காக்கும் 'பிலோ'தான். சேம் வேர்ட்."

"சரி, அதுக்கென்ன?"

"அப்ப ஏன் ஹஸ்பண்டுக்கு மட்டும் இவ்ளோ லாங்கா எழுதியிருக்கீங்க?"

தாளைப் பிடுங்கிப் பார்த்தேன். செந்திலின் விந்தணுக்களின் வேகம் இருக்க வேண்டிய அளவுக்குக் கீழே என்று டாக்டர் எழுதியிருந்தார். தேன்மொழியின் முட்டைகளின் முதிர்ச்சியும் இருக்க வேண்டிய அளவுக்குக் கீழே. நான் எழுதியது என்ன தெரியுமா? அவனுக்கு, 'விந்தணுக்களின் ஓட்டம் இயல்பை ஒட்டியே உள்ளது எனினும் சற்றுக் கவனிக்கத்தக்கது'. அவளுக்கு, 'கருமுட்டையில் குறை உள்ளது'.

எனக்குக் கோபம் மூக்கு நுனிக்கு வந்துவிட்டது. "உனக்குத் தமிழ் தெரியுமாடி? நீ எனக்குச் சொல்லித்தர வந்துட்டியா?" என்று கத்தினேன்.

"தெரியாது லா. அதான் எத்தன வேர்ட்னு கவுண்ட் பண்ணேன்" என்றாள். சண்டை போடும் குரலில் சொல்லவில்லை.

அவள் எழுந்து போன பிறகும் நான் உட்கார்ந்தே இருந்தேன். யாரும் என்னை அப்படி எழுதச் சொல்லவில்லை. என் கை தானாக எழுதியிருக்கிறது. ஆண்பிள்ளையைப் பற்றிய சொல்லுக்கு மெத்தை வைத்துச் சுற்றிக் கொடுத்திருக்கிறேன், பெண்பிள்ளைக்கு வெறும் சொல்லைத் தூக்கி எறிந்திருக்கிறேன். திண்டுக்கல்லில் எங்கள் தெருவில் குழந்தையில்லாத ஒரு தம்பதி இருந்தார்கள். அவருக்கு உடம்புச் சூடு என்பார்கள், அந்த அம்மாவுக்குக் குறை என்பார்கள். எந்த டாக்டரும் பார்த்துச் சொன்னதில்லை. எங்கள் சித்தியின் வளைகாப்பில் வீட்டுப் பெரியவர்கள் சந்தனக் கிண்ணத்தை என் கையில் கொடுத்து, எல்லோருக்கும் கொடு, அந்தம்மாவை மட்டும் தாண்டிப் போய்விடு என்றார்கள். எனக்குப் பத்து வயது. தாண்டிப் போனேன். அந்த அம்மா கையை நீட்டிவிட்டு, பிறகு அதே கையால் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டார்கள். வெட்கமாக இருக்கிறது. கடல் தாண்டி வந்து, நுண்ணோக்கியில் கண்ணை வைத்து இத்தனை வருடம் பார்த்தும், நான் இன்னும் அந்தக் கிண்ணத்தோடுதான் நடந்துகொண்டிருக்கிறேன்.

7

வேலை போனால் போகட்டும் என்று இரண்டாவது கடிதம் எழுதினேன். ஸ்டாம்ப் கிடையாது. என் கையெழுத்தில் இரண்டு பக்கம். 'முதல் கடிதத்தில் குறை என்று நான் எழுதியது என் தவறு. மருத்துவர் அப்படிச் சொல்லவில்லை' என்று ஆரம்பித்தேன். முட்டையும் அதைச் சுற்றியுள்ள செல்களும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டே வளர்பவை, பேச்சு எங்கே அறுந்தது என்று யாராலும் சொல்ல முடியாது, மருந்தின் அளவையோ முறையையோ மாற்றிப் பார்த்தால் அடுத்த முறை வேறு மாதிரி அமையவும் கூடும், கணவரின் அளவும் மனைவியின் அளவும் இரண்டுமே எதிர்பார்த்ததற்குக் கீழேதான் இருந்தன என்று ஒரே நீளத்தில், ஒரே சொல்லில் எழுதினேன். கீழே என் முழுப்பெயர், படிப்பு, வேலை எல்லாம் போட்டுக் கையெழுத்திட்டேன்.

வியாழக்கிழமை மதியம் தேன்மொழி நிலையத்தின் வாசலுக்கே வந்து வாங்கிக்கொண்டாள். நின்றபடியே இரண்டு பக்கத்தையும் படித்தாள். "முன்னமே இத எழுதியிருக்கலாமேக்கா" என்றாள். திட்டியிருந்தால் தேவலை. அங்கேயே படம் பிடித்து மாமியாருக்கு அனுப்பினாள்.

வெள்ளிக்கிழமை காலையில் வேலைக்குப் போகும் ரயிலில், அவள் மாமியாரின் குரல்பதிவு எனக்கு வந்தது. தேன்மொழிதான் அனுப்பியிருந்தாள், கூடவே ஒரு சொல்கூட எழுதாமல். அவள் விமானத்துக்கு இன்னும் நான்கு மணி நேரம் இருந்தது. நான் எதிர்பார்த்த மாதிரி அது கடுகடுத்த குரல் இல்லை. நல்ல, நிதானமான, மரியாதையான குரல்.

"மலரம்மா, லெட்டர் வந்துச்சுங்க. எங்க தம்பி சத்தமாப் படிச்சாரு. செல்லும் முட்டையும் பேசிக்குதுன்னு அழகா எழுதியிருக்கீங்க, பாவம், ரொம்ப மெனக்கெட்டு. எம்பையனப் பத்தி என்னமோ போட்டிருக்கீங்க, அது எழுதயில மாறிப் போயிருக்கும், விடுங்க. ஆனா நீங்க முன்ன எழுதுனதுதாங்க எங்களுக்குப் புரிஞ்சுது."